கொடைக்கானல் பாதரசம்: தெர்மாமீட்டர் ஆலை மூடி 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏரிச் சேறு ஏன் கவலை தருகிறது?

கொடைக்கானல் போனவர்கள் யாரும் ஏரியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. படகு சவாரி, கரையைச் சுற்றி சைக்கிள், சுடச்சுட சோளக்கதிர் என்று அரை நாள் அங்கேயே போய்விடும். நட்சத்திர வடிவில் சுமார் 60 ஏக்கரில் விரிந்து கிடக்கும் அந்த ஏரி இயற்கையாக உருவானது அல்ல. மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிங்கே, 1863-ம் ஆண்டு ஓடைகள் பாய்ந்த ஒரு சதுப்பு நிலத்தை மறித்து அணை கட்டி உருவாக்கியது.

சதுப்பின் குணம் மட்டும் ஏரியை விட்டுப் போகவில்லை. ஓரங்களில் கோரை, தண்ணீருக்கடியில் அடர்ந்த செடிகள், அதற்கும் கீழே கறுப்புச் சேறு. சராசரி ஆழம் சுமார் 3 மீட்டர்தான். கொடைக்கானல் பாதரசம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஆலையும், தொழிலாளர்களும், வழக்கும். ஆனால் கதையின் கடைசிப் பகுதி நடப்பது இந்தச் சேற்றில்.

2001-ல் என்ன நடந்தது?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் வாட்டர்டவுன் நகரில் இயங்கி வந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள் 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தன. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய இந்த ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவர் (இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்) வசம் சென்றது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி தெர்மாமீட்டர்கள் கோடிக்கணக்கில் இங்கே தயாராகி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி ஆயின.

2001 மார்ச் மாதம், மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டு வந்தனர். அவர்கள் சொன்ன கணக்கு 7.4 டன். மறுநாளே ஆலை நின்றது. அதன் பிறகு ஆலை திறக்கப்படவே இல்லை.

2003-ல் கண்ணாடிக் கழிவு, கழிவுநீர்ச் சேறு, பாதி முடிந்த தெர்மாமீட்டர்கள் என்று சுமார் 290 டன் பொருட்கள் கப்பலேற்றப்பட்டு, பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் பென்சில்வேனியா ஆலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. 'குப்பை' வளர்ந்த நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்கு வருவதுதான் வழக்கம். இங்கே அது திரும்பிப் போனது.

பாதரச ஆவியால் உடல்நலம் கெட்டதாக முன்னாள் தொழிலாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். ஆலையால் யாருக்கும் உடல்நல பாதிப்பு இல்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் வீடியோ லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்ததும் இந்த விவகாரத்தில் ஒரு திருப்பம்.

தொழிலாளர் பிரச்னை ஓரளவு முடிவுக்கு வந்தது. மண் பிரச்னை அப்படி முடியவில்லை.

ஓடை போகாத இடத்துக்கு பாதரசம் எப்படிப் போனது?

ஆலை இருந்தது ஒரு மலை முகட்டில். அங்கிருந்து வழியும் மழைநீர் பாம்பார் சோலைக்காட்டுப் பக்கம் இறங்குகிறது. கொடை ஏரிக்குள் வந்து விழுவதில்லை. அப்படியானால் ஏரியில் ஏன் பாதரசம்?

காற்று வழியாக. அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் ஒரே உலோகம் பாதரசம். தரையில் சிந்தினால் உருண்டையாக ஓடுமே, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. நிறம் கிடையாது, வாசம் கிடையாது. உள்ளே வேலை செய்பவருக்கே தெரியாத ஆவி, ஜன்னல் வழியாக வெளியேறினால் ஊருக்கு எப்படித் தெரியும்?

இந்த ஆவி மாதக்கணக்கில் காற்றில் மிதக்கும். கொஞ்சம் மழையோடு இறங்கும். பெரும்பகுதியைக் காட்டு மரங்களின் இலைகள் இழுத்துக்கொள்ளும். இலை சுவாசிக்கும் அதே நுண்துளைகள் வழியாக பாதரச ஆவி உள்ளே போய்த் தங்கிவிடுகிறது. இலை உதிர்ந்து மக்கும்போது பாதரசம் மண்ணில் சேர்கிறது. மக்கிய இலைமண்ணில் இருக்கும் கந்தகத்தோடு அது இறுகப் பிணைந்துகொள்ளும். சோலைக்காட்டின் தரை என்பது பல ஆண்டு இலைகள் மக்கிய மெத்தை. பாதரசத்துக்கு அதைவிடப் பிடித்த இடம் இல்லை. பிறகு ஒவ்வொரு கனமழையிலும் அந்த மண்ணின் நுண்துகள்கள் கரைந்து ஓடைக்கும், ஏரி ஓரமாக இருந்தால் ஏரிக்கும் வருகின்றன.

பாசி சொன்ன சாட்சி

காற்றில் எப்போதோ போன ஆவியை இப்போது எப்படி நிரூபிப்பது? மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளரும் பாசிகளும், மரத்தில் சாம்பல் திட்டுகளாகப் படரும் லைக்கன்களும்தான் இங்கே சாட்சி. இவற்றுக்கு மண்ணில் இருந்து உறிஞ்சும் வேர் இல்லை. இலைகளுக்கு இருப்பது போன்ற மெழுகுப் பூச்சும் இல்லை. தண்ணீர், சத்து எல்லாமே காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான். காற்றில் என்ன இருந்ததோ அது அப்படியே உடம்பில் பதிவாகிவிடும்.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஹைதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கொடைக்கானலில் பாசிகளையும் லைக்கன்களையும் எடுத்துப் பரிசோதித்து 2003-ல் முடிவுகளை வெளியிட்டனர். கொடை ஏரி ஓரத்து மாதிரிகளில் இருந்த பாதரசம், காட்டுக்குள் தள்ளி இருக்கும் பெரிஜம் ஏரி மாதிரிகளில் இருந்ததைவிட மிக அதிகம்.

அதே குழு ஏரித் தண்ணீர், வண்டல், மீன் ஆகியவற்றையும் ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டது. மூன்று ஏரிகளை ஒப்பிட்டார்கள்: கொடை, பெரிஜம், குக்கல். கொடை ஏரியில்தான் பாதரசம் அதிகம். இதைவிட முக்கியமானது இன்னொரு கணக்கு. கொடை ஏரி வண்டலில் இருந்த பாதரசத்தில் சுமார் 6 விழுக்காடு 'மெத்தில் பாதரசம்' என்ற வடிவத்தில் இருந்தது. பெரிஜத்தில் அது 3 முதல் 4 விழுக்காடு. குக்கலில் 2 விழுக்காடு.

ஆறு விழுக்காடுதானே என்று தோன்றலாம். விஷயமே அந்த ஆறு விழுக்காட்டில்தான் இருக்கிறது.

சேற்றுக்குள் நடக்கும் மாற்றம்

உடைந்த தெர்மாமீட்டரில் இருந்து வரும் பாதரச உருண்டையைத் தெரியாமல் விழுங்கிவிட்டால்கூட, அதில் பெரும்பகுதி குடல் வழியாக அப்படியே வெளியே போய்விடும். ஆபத்து அதன் ஆவியை மூச்சில் இழுப்பதில். மெத்தில் பாதரசம் வேறு ரகம். சாப்பாட்டில் வந்தால் கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் சேரும், மூளைக்குள் போகும், கர்ப்பிணியின் உடலிலிருந்து கருவுக்கும் போகும்.

சாதாரண பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுவது மனிதர்கள் அல்ல, நுண்ணுயிரிகள். ஆக்சிஜன் எட்டாத கறுப்புச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்துவது போல சல்பேட்டைப் பயன்படுத்தி உயிர் வாழ்கின்றன. அழுகிய முட்டை வாசம் அடிக்கும் சேறு என்றால் அவை அங்கே இருக்கின்றன என்று அர்த்தம். பாதரசம் கிடைத்தால் அதை மெத்தில் பாதரசமாக்கி வெளியே தள்ளுகின்றன. இதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களை அமெரிக்க விஞ்ஞானிகள் 2013-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

இந்த பாக்டீரியாக்களுக்கு வேண்டியது மூன்று: ஆக்சிஜன் இல்லாத சேறு, கொஞ்சம் சல்பேட், தின்பதற்கு மக்கும் பொருள். சதுப்பும் ஏரி ஓரமும் மூன்றையும் தட்டில் வைத்துக் கொடுக்கின்றன. கழிவுநீர் கலந்தால் இன்னும் வசதி: அதிலுள்ள மக்கும் பொருள் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும், பாக்டீரியாவுக்கு உணவாகவும் ஆகும். கொடை ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்ற புகார் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதை வெறும் சுகாதாரப் பிரச்னையாகவே பேசுகிறோம். பாதரசம் படிந்த ஏரியில் அது பாதரசப் பிரச்னையும்கூட.

அடுத்தது உணவுச் சங்கிலி. பாசியில் கொஞ்சம், பாசியைத் தின்னும் பூச்சியில் அதைவிட அதிகம், பூச்சியைத் தின்னும் சிறு மீனில் இன்னும் அதிகம், சிறு மீனைத் தின்னும் பெரிய மீனில் எல்லாவற்றையும்விட அதிகம். தண்ணீரில் இருப்பதைவிடப் பெரிய மீனின் சதையில் லட்சக்கணக்கான மடங்கு கூடிவிட முடியும். அதனால்தான் 'தண்ணீரைப் பரிசோதித்தோம், அளவு குறைவுதான்' என்ற ஒரு வரியை வைத்து ஏரி நல்லா இருக்கு என்று சொல்லிவிட முடியாது. மீனைப் பார்க்க வேண்டும், சேற்றைப் பார்க்க வேண்டும். பாதரசம் மீனின் தோலிலோ கொழுப்பிலோ இல்லை, சதைப் புரதத்தில் இருக்கிறது. கழுவினாலும் வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் போகாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகத்துக்குக் காட்டியது ஜப்பானின் மினமாட்டா. அங்கே ஒரு ரசாயன ஆலையின் கழிவு கடல் விரிகுடாவில் கலந்து, மீன் வழியாக மக்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கொடைக்கானலில் அந்த அளவுக்கு பாதரசம் கொட்டப்படவில்லை. இரண்டையும் சமமாக வைப்பது சரியல்ல. ஆனால் சேறு, பாக்டீரியா, மீன் என்ற பாதை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஏரிச் செடிகள் நல்லதா கெட்டதா?

இரண்டும்தான். கோரை, சம்பு போன்ற ஓரச் செடிகள் பாதரசத்தின் பெரும்பகுதியை வேரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தண்டுக்கும் இலைக்கும் ஏறுவது குறைவு. வேர்கள் சேற்றைக் கட்டி வைப்பதால் அலையிலும் மழையிலும் அது கலங்காது. ஆகாயத்தாமரை தண்ணீரில் தொங்கும் வேர்களாலேயே கன உலோகங்களை நன்றாக இழுத்துக்கொள்ளும்.

மறுபக்கம், வேர்கள் கசியவிடும் சர்க்கரையும் மக்கும் இலைகளும் அந்த பாக்டீரியாவுக்குத் தீனி. செடி அடர்ந்த ஓரங்களில் மெத்தில் பாதரசம் அதிகமாக உருவாவது பல நாட்டு ஈரநிலங்களில் கண்ட உண்மை. ஏரியைச் சுத்தம் செய்கிறோம் என்று செடிகளை அள்ளிக் கரையிலேயே குவித்தால், அது மக்கி, அடுத்த மழையில் எல்லாம் திரும்ப ஏரிக்கே வரும். அள்ளிய செடியை அங்கிருந்து அப்புறப்படுத்தினால்தான் பயன்.

'20 மில்லிகிராம்' சண்டை என்ன?

ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும்? நீரி என்று அழைக்கப்படும் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை ஒட்டி, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று அளவு வைக்கப்பட்டது. ஆர்வலர்கள் இதை எதிர்த்தனர். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

20 மில்லிகிராம் என்பது எவ்வளவு? பாதிப்பு இல்லாத மண்ணில் பொதுவாக 0.1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். ஒரு டன் மண்ணில் 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், காய்ச்சல் தெர்மாமீட்டர் ஒன்றில் சுமார் ஒரு கிராம் பாதரசம். ஆக ஒரு டன் மண்ணுக்கு 20 தெர்மாமீட்டர். பத்து டன் லாரி ஒன்றுக்கு 200.

'நிறுவனத்தின் தாய்நாடான பிரிட்டனில் ஒரு மில்லிகிராம்தான் அளவு, இங்கே மட்டும் ஏன் 20?' என்பது எதிர்ப்பாளர்களின் முக்கியக் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் அடிக்கடி விட்டுப்போகிறது. பிரிட்டன் 2009-ல் குடியிருப்பு மண்ணுக்கு வெளியிட்ட வழிகாட்டி அளவுகள் ஒன்றல்ல, மூன்று. உலோக நிலையில் உள்ள பாதரசத்துக்கு 1 மில்லிகிராம், மெத்தில் பாதரசத்துக்கு 11, மற்ற பாதரச உப்புகளுக்கு 170. உலோக பாதரசத்துக்கு இவ்வளவு கடுமை ஏன் என்றால், அது ஆவியாகி வீட்டுக்குள் வரும் என்பதால். கனடாவில் குடியிருப்பு மண்ணுக்கு 6.6 மில்லிகிராம், தொழிற்சாலை நிலத்துக்கு 50. ஆக எந்த வடிவத்தில் பாதரசம் இருக்கிறது, அந்த நிலத்தில் யார் இருக்கப் போகிறார்கள் என்பதைச் சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் எறிவதில் இரு தரப்புக்குமே லாபம் இல்லை.

20 மில்லிகிராமை ஆதரிப்பவர்களின் வாதமும் லேசானதல்ல. அளவைக் குறைக்கக் குறைக்க அதிக மண்ணைத் தோண்ட வேண்டும். மரங்களை வெட்ட வேண்டும். செங்குத்தான சரிவில் மேல்மண் அரிப்பெடுத்து, பிடித்து வைத்திருந்த பாதரசமே சோலைக்குள் ஓடிவிடும். தோண்டிய மண்ணைத் தண்ணீரில் அலசி, பாதரசம் ஒட்டிய நுண்துகளைத் தனியே பிரித்து, அதைச் சூடாக்கி ஆவியாக்கி மீட்பதுதான் முறை. பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதால் இது சாத்தியம். ஆனால் வெந்த மண் திரும்பக் காட்டு மண்ணாக ஆகாது.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. மேலே சொன்ன அளவுகள் பெரும்பாலும் அந்த மண்ணின் மேல் நடமாடும், வசிக்கும் மனிதனை மனதில் வைத்துப் போடப்பட்டவை. கொடைக்கானல் ஆலை ஒரு நீர்ப்பிடிப்பு மலையின் உச்சியில் இருந்தது. அங்கே காய்ந்த மண்ணில் சும்மா கிடக்கும் 20 மில்லிகிராம், கீழே ஒரு சதுப்பில் போய்ச் சேர்ந்தால் சும்மா இருக்காது. எவ்வளவு மிச்சம் என்பதோடு, அது எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதையும் மழைக்காலம்தோறும் அளந்தால்தான் 20 சரியா தவறா என்றே தெரியும்.

வேறு ஏரிகளில் என்ன செய்தார்கள்?

வாட்டர்டவுன் இருக்கும் அதே நியூயார்க் மாநிலத்தில், சிராக்யூஸ் நகரை ஒட்டி ஒனோண்டகா என்றொரு ஏரி. 1946 முதல் 1970 வரை ஒரு ரசாயன ஆலை சுமார் 75 டன் பாதரசத்தை அதில் விட்டது. 1970-ல் மீன் பிடிக்கவே தடை வந்தது. 2012 முதல் 2014 வரை ஏரியின் ஒரு பகுதிச் சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். மீதியின் மேல் மணலும் சரளையும் கொட்டி மூடினார்கள். பெரும் பணம் செலவான வேலை.

அதைவிட சுவாரசியமானது தற்செயலாகக் கிடைத்த இன்னொரு வழி. ஊர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை 2004-ல் மேம்படுத்தியபோது ஏரியில் நைட்ரேட் அளவு கூடியது. மெத்தில் பாதரசம் குறைந்தது. காரணம், நைட்ரேட் இருக்கும்வரை சல்பேட் பாக்டீரியாவுக்கு வேலை நடக்காது. பிறகு 2011 முதல் ஏரியின் ஆழத்தில் நைட்ரேட் கரைசலை வேண்டுமென்றே செலுத்தத் தொடங்கினர். பாதரசத்தை எடுக்காமலேயே அதன் விஷ வடிவம் உருவாவதைத் தடுக்கும் உத்தி இது.

இதை அப்படியே கொடைக்கு எடுத்துவர முடியாது. ஆழம் குறைந்த, ஏற்கெனவே செடி மண்டிய ஏரியில் நைட்ரேட் உரம் போட்டது போலத்தான் ஆகும். ஆனால் கழிவுநீரை நிறுத்தினால் சேற்றின் வேதியியலே மாறும் என்ற பாடம் இங்கேயும் பொருந்தும். அதற்கு ஏரியைத் தோண்டவே தேவையில்லை.

மினமாட்டாவில் வேறு வழி. ஒரு கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த கடற்சேற்றை அள்ளி, விரிகுடாவின் ஒரு பகுதியில் கொட்டி மூடி, 58 ஹெக்டேர் புது நிலமாக்கிவிட்டார்கள். இன்று அது பூங்கா. 1970-களில் தொடங்கி 1990 வரை ஆனது.

மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு?

பாம்பார் சோலையில் இருந்து இறங்கும் தண்ணீர்தான் பெரியகுளம் அருகே கும்பக்கரை அருவியாக விழுகிறது. லட்சக்கணக்கானோர் குளிக்கும் அருவி. குளிப்பதால் பாதரசம் உடலில் ஏறிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் பாதரசம் மிகமிகக் குறைவாகவே இருக்கும். கவனிக்க வேண்டியது வெள்ளத்தோடு வரும் நுண்வண்டல் எங்கே தங்குகிறது என்பதை. அருவிக்குக் கீழே ஓடைத் தேக்கங்கள், கண்மாய்கள், அவற்றின் மீன்கள்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு உள்ள கணக்கும் எளிது. உணவில் மெத்தில் பாதரசத்துக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். ஒரே நீர்நிலையின் பெரிய, மற்ற மீன்களைத் தின்னும் மீன்களைத் தொடர்ந்து சாப்பிடுவதைக் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தவிர்ப்பது எந்த நாட்டிலும் மருத்துவர்கள் சொல்வதுதான். எப்போதாவது ஒரு முறை சாப்பிட்டவர் பதற வேண்டியதில்லை. உடலில் சேர்ந்த மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய சுமார் 50 நாட்கள் முதல் 70 நாட்கள் ஆகும்.

தூர்வாரினால் போதுமா?

'ஆலைதான் மூடியாச்சே, ஏரியைத் தூர்வாரிட்டா முடிஞ்சு போச்சு' என்று தோன்றும். ஆனால் பாதரசம் படிந்த பழைய சேறு, மேலே புதிதாகப் படியும் வண்டலுக்கு அடியில் ஆண்டுக்கு ஆண்டு புதைந்துகொண்டே போகும். புதைந்த அடுக்கைத் தொட்டுக் கலக்கினால் அது மீண்டும் மேலே வரும். சேறு காய்ந்து மறுபடி நனையும்போதும் மெத்தில் பாதரசம் உருவாவது திடீரென்று கூடும். அதனால் தூர்வாரும் முன் குழாய் இறக்கிச் சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, எந்த ஆழத்தில் எவ்வளவு பாதரசம் என்று பார்ப்பது அவசியம். மேல் அடுக்கு சுத்தமாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாரிய சேறு எங்கே போகும் என்பது அதற்கடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் ஏரி வண்டல் என்றால் உரம். டிராக்டர் கொண்டுவந்து வயலுக்கு ஏற்றிப் போவது நமக்குப் பழக்கமான காட்சி. கொடைக்கானல் மலையில் அந்த வயல்களில் விளைவது கேரட், உருளை, பூண்டு. எல்லாமே மண்ணுக்குள் வளர்பவை. பரிசோதனைச் சீட்டு இல்லாமல் அந்த ஏரியிலிருந்து ஒரு வண்டிச் சேறுகூட தோட்டத்துக்குப் போகக் கூடாது.